இடியப்பம் வாங்கலாம், சோறு கட்டலாம்: கொக்குவிலிலிருந்து ஒரு மாதக் கணக்கு

வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டில் காசு மிச்சம் பிடிக்க எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான்: வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு போ. நானும் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு மாதம் கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதிப் பார்த்தேன். மதியத்துக்கு அந்த அறிவுரை முழுக்கச் சரி. காலைக்கு அது அரைவாசிதான் சரி.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் கொக்குவிலில். அலுவலகம் கண்டி வீதியில், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட. ஏழே காலுக்குப் புறப்பட வேண்டும். வீட்டில் அம்மா, மனைவி, நான். மனைவியும் வேலைக்குப் போகிறவர். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டேன். இங்கே வரும் விலைகள் நான் கொடுத்த விலைகள். திருநெல்வேலியில் ஒரு விலை, ஆஸ்பத்திரி வீதியில் இன்னொரு விலை என்று இருப்பதால் உங்களுக்குப் பத்து இருபது ரூபாய் முன்பின் வரலாம். அலுவலகத்தில் பிளேன் ரீ இலவசம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காலை

கடையில் இருந்து சாப்பிடுவதை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் அலச அதிகம் இல்லை. மூன்று தோசை, ஒரு உளுந்து வடை, ஒரு பிளேன் ரீ: 290 ரூபாய். சாம்பாரும் சட்னியும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், அந்தத் துணிவில் நான்காவது தோசைக்கும் கை நீளும். சம்பள வாரத்தில் ஒருநாள் போகலாம்.

பார்வைக்கு மலிவு பாண்தான். 450 கிராம் இறாத்தல் பாண் 130 ரூபாய். பாதிப் பாணும் என் பங்குச் சம்பலும் சேர்த்து 95 ரூபாய்க்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். முதல் வாரம் முழுக்கப் பாண் சாப்பிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொப்பியைப் புரட்டினால் அந்த ஐந்து நாளில் நான்கு நாள், பத்து மணிக்கு நேரே "றோல்ஸ் 100, பால் ரீ 100" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பாண் வயிற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. 95 உடன் 200 சேர்ந்து 295. கடைத் தோசை அதைவிட ஐந்து ரூபாய் குறைவு.

பழஞ்சோற்றை இந்தப் போட்டியில் சேர்ப்பதே அநியாயம், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர். மிஞ்சிய கறியும் இருந்தால் அம்மா எல்லாவற்றையும் சட்டியில் ஒன்றாகக் குழைத்து, உருண்டை உருண்டையாகக் கையில் வைப்பார். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காலைச் சாப்பாடு அதுதான். ஆனால் ஒன்பது மணிக்குக் கணினித் திரைக்கு முன்னால் கண் சொருகும். சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

மிஞ்சியிருப்பவை இரண்டு: ஒன்று, வீட்டில் அவிக்கும் புட்டு அல்லது இடியப்பம்; மற்றது, ஒழுங்கை முடக்கில் ஒரு அக்கா அவித்து விற்கும் இடியப்பம்.

வீட்டுக் கணக்கு இப்படி வருகிறது. ஒருவருக்கு 150 கிராம் சிவப்பரிசி மா 45 ரூபாய். மூவருக்கும் சம்பலுக்கும் சொதிக்கும் அரைத் தேங்காய் போகிறது, அதில் என் பங்கு 30. காஸ், வெங்காயம், மிளகாய் என்று 15. மொத்தம் 90 ரூபாய். எங்கள் சமையலில் காசைத் தின்பது அரிசியோ மாவோ அல்ல, தேங்காய்தான். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டுச் சொதி கண்ணாடி மாதிரித் தெளிந்துபோனது.

அக்காவிடம் ஒரு இடியப்பம் 12 ரூபாய். பத்து எடுத்தால் 120. சம்பலும் சொதியும் அந்த விலைக்குள்ளேயே வந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் அவருடைய முற்றத்தில் புகை எழும். விறகடுப்பு, பனைமட்டையும் தென்னம் பாளையும்தான் எரியும். 2022இல் நாங்கள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நாட்களிலும் அந்த அடுப்பு அணையவில்லை. ஆவி பறக்கும் தட்டைக் கவிழ்த்து, இடியப்பத்தை விரல் நுனியால் உரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார். சூடு அவருடைய விரலுக்குத் தெரிவதே இல்லை. சொதியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவார். பாத்திரம் கொண்டு போனால் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றுவார். "பைக்கும் காசுதானே தம்பி" என்பது அவருடைய விளக்கம்.

அவருக்குக் கட்டுபடியாவதன் சூட்சுமமும் அந்த முற்றத்திலேயே தெரியும். நாற்பது வீட்டுக்கு ஒரே தடவையில் பால் பிழிகிறார். விறகுக்குப் பெரிதாகக் காசு போவதில்லை. நாங்கள் மூன்று பேருக்காகத் திருவலை, இடியப்ப உரல், தட்டு, சல்லடை, சொதிச் சட்டி என்று அத்தனையையும் இறக்கி, பிறகு அத்தனையையும் கழுவி வைக்க வேண்டும்.

ஆக, வித்தியாசம் நாளுக்கு 30 ரூபாய், மாதத்துக்கு 660. வீட்டில் அவித்தால் ஒருவர் நாலே முக்காலுக்கு எழும்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு மலிவு என்று சொல்லுகிற ஆண்களில் அநேகர் நாலே முக்காலுக்கு எழும்புகிறவர்கள் அல்ல, நான் உட்பட. 22 விடியற்காலை நித்திரைக்கு 660 ரூபாய் என்றால் நான் யோசிக்காமல் கொடுப்பேன். அதுவும் அந்தக் காசு முடக்கைத் தாண்டிப் போகப் போவதில்லை.

மதியம்

இங்கே கணக்கு தலைகீழ். கடையில் மரக்கறிச் சோற்றுப் பார்சல் 300, மீன் 400, கோழி 550. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக ஏறி நின்றது. பிறகு பணவீக்கம் இறங்கியது. பணவீக்கம் இறங்குவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது மட்டும்தான் என்பதைச் சாப்பாட்டுக் கடைப் பலகையைப் பார்த்தே நம்மில் பலர் படித்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் 130 ரூபாய். மொட்டைக்கறுப்பன் அரிசி 125 கிராம் 35, இரண்டு மரக்கறிக்கு 70, ஒரு பருப்போ கருவாடோ 25. 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதை வாங்கினால் ஐந்தாறு ரூபாய் இன்னும் குறையும். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். மொட்டைக்கறுப்பன் இல்லாத சோறு சோறே அல்ல என்று அந்த விவாதம் அத்துடன் முடிந்தது.

மீன் பார்சலுடன் ஒப்பிட்டால் நாளுக்கு 270, மாதத்துக்கு 5,940 ரூபாய் மிச்சம். காலையில் 660க்கு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் இதற்கு ஒரு தடை உண்டு. நாங்கள் சோறு சாப்பிடுவது மதியத்தில். இரவுக்குப் புட்டு அல்லது இடியப்பம். ஏழு மணிக்குச் சோற்றுப் பெட்டி தயாராக வேண்டுமென்றால் மறுபடியும் விடியற்காலையில் அடுப்பு மூட்ட வேண்டும். ஆகவே வழக்கத்தைப் புரட்டிப் போட்டோம்: சோறும் கறியும் இரவில். சாப்பிட்டு, ஆறவிட்டு, பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவோம். காலையில் நன்றாகச் சூடாக்கினால் போதும். இரவில் சோறு சாப்பிட்டால் நித்திரை வராது என்று அம்மா இரண்டு வாரம் முறைப்பாடு சொன்னார். மூன்றாம் வாரம் எனக்கு முன்னரே குறட்டை விட்டார்.

கறியையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, தேங்காய்ப் பால் விட்டுக் கடைந்த கீரையைச் சுடச்சுடப் பெட்டியில் போட்டு மூடியை அழுத்தி எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டரைக்குத் திறந்தபோது கீரையின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள். முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, பக்கத்து மேசை அண்ணை தலையை நிமிர்த்திப் பார்த்தார். 300 ரூபாய்க்கு மரக்கறிப் பார்சல் எடுத்தேன். அன்றைய மதியச் செலவு 430. அதற்குப் பிறகு வேலை நாளில் பால்கறி இல்லை. பால் விடாத புளிக்குழம்பு, பயற்றங்காய்ப் பிரட்டல், பாகற்காய்ப் பொரியல், நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். சூடாக்கிய பிறகு ஆவி அடங்கும் வரை மூடி போடுவதில்லை. தேங்காய் குறைந்ததால் செலவும் இறங்கியது, அது நான் எதிர்பாராத இலாபம்.

மற்ற வழிகளும் உண்டு. வீட்டில் சமைத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறவர்களிடம் மாதச் சாப்பாடு எடுக்கலாம், எங்களிடம் வருகிறவர் நாளுக்கு 250 கேட்கிறார். தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கிறவருக்கு அது நல்ல பேரம். எனக்கு இரண்டு கெட்ட நிலைகளுக்கு நடுவில் நிற்பதுபோல இருக்கிறது: விலையில் கடைக்குப் பக்கம், கறியைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் வீட்டைப் போல எனக்கு இல்லை. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் திருநெல்வேலியில் இருக்கிறது. விலையும் சுவையும் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கச்சேரியடியிலிருந்து மதிய இடைவேளைக்குள் போய் வர பெற்றோல் செலவாகும். அது மாலைக்குரிய இடம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கு மட்டும் என் கணக்கு குழம்பும். அலுவலகம் முழுக்கச் சைவமாகிவிடும், 400 ரூபாய் மீன் பார்சல் ஒப்பீட்டிலிருந்து விழுந்துவிடும், மிச்சமும் அதற்கேற்பச் சுருங்கும்.

மொத்தத்தை ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். காலையும் மதியமும் கடை என்றால் 15,180. இரண்டும் வீடு என்றால் 4,840. அக்காவின் இடியப்பமும் வீட்டுச் சோறும் என்றால் 5,500. மூன்றாவதில் நிற்கிறேன்.

ஒரே ஒரு விலக்கு, புதன்கிழமை. கடைப் பார்சலில் இருக்கும் சோறு ஒருவருக்குரியது அல்ல. அதைத் தனியே தின்று முடிப்பவர் பின்னேரம் வேலை செய்ய மாட்டார். ஆகவே பக்கத்து மேசை அண்ணையும் நானும் ஒரு மீன் பார்சல் எடுத்து, லஞ்ச் சீற்றை மேசையில் விரித்து, கரண்டிப் பிடியால் நடுவில் கோடு கிழிப்போம். ஆளுக்கு 200. சோறு சரிபாதி, பருப்பு சரிபாதி, அப்பளம் உடைத்துக்கொள்ளலாம். மீன்துண்டு ஒன்றுதான். சென்ற புதன் அது அண்ணையின் முறை. நடுமுள்ளோடு ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாயிருக்கிறது, ஊற்றிக்கொள்ளும்" என்று என் பக்கம் தள்ளினார்.