மோவால்போவால் சாளைக் கூட்டம்: அம்மாவ கூட்டிட்டு ஸ்நார்கலிங் போயிட்டு வந்தோம்

ஃபிலிப்பைன்ஸ்ல செபு தீவுக்கு மேற்குக் கரையில மோவால்போவால்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்க பனக்சாமா பீச்சுல இறங்கி ஒரு 30 மீட்டர் நீந்துனாலே போதும், காலுக்குக் கீழ லட்சக்கணக்குல சாளை மீன் ஒரே கூட்டமா சுத்திட்டு இருக்கும். படகு வேணாம், ஆக்சிஜன் சிலிண்டர் வேணாம், ஒரு மாஸ்க்கும் ஸ்நார்கல் குழாயும் (முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது வாயால மூச்சு விடுற குழாய்) இருந்தா போதும். தென்னாப்பிரிக்காவுல சீசனுக்கு சீசன் சாளை வலசை போகும்ல, அந்த மாதிரி வந்துட்டுப் போற கூட்டம் இல்ல இது, வருஷம் முழுக்க அங்கயே குடியிருக்கு. போன பிப்ரவரில அம்மாவ கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். ரெண்டு நாள், ரெண்டு வேற வேற கைடு. ரெண்டுக்கும் இருந்த வித்தியாசத்த சொல்லணும்னுதான் இத எழுதுறேன்.

நமக்கு ஊர் தூத்துக்குடி, இப்ப வேலை சிங்கப்பூர்ல. அம்மாவுக்கு 61 வயசு. கடல் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்க, மீன் வாங்கி வித்துதான் எங்கள படிக்க வச்சாங்க, ஆனா முழங்காலுக்கு மேல கடல்ல இறங்குனதே கிடையாது. நீச்சல் தெரியாது. சாளை, சூடை, பேச்சாளை இதெல்லாம் அவங்க கையில எத்தனை ஆயிரம் கூடை போயிருக்கும்னு கணக்கே இல்ல, உயிரோட நீந்தி ஒண்ணக்கூட பாத்ததில்ல. அத காட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதல் நாள் கதைய சுருக்கமா முடிச்சிடுறேன். தங்குன எடத்துக்குப் பக்கத்துல இருந்த ஒரு கடையில புக் பண்ணோம், பேர் சொல்ல விரும்பல. எட்டு பேருக்கு ஒரே ஒரு கைடு. அம்மாவுக்குக் கொடுத்த மாஸ்க்ல ரப்பர் ஓரம் கெட்டியாகிப் போயி மூக்குப் பக்கம் தண்ணி ஏறிட்டே இருந்துச்சு, மாத்திக் கொடுங்கன்னு கேட்டதுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும், இறுக்கிக் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. இறுக்கினா இன்னும் ஜாஸ்தியாதான் ஒழுகும், அது கடைக்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கணும். தண்ணிக்குள்ள போனதும் கைடு கேமராவ எடுத்துட்டு நேரா மீன் கூட்டத்துக்கு நடுவுல டைவ் அடிச்சாரு, கூட்டம் ரெண்டாப் பிளந்து ஓடுச்சு, அந்த வீடியோதான் அவங்க விக்கிற சரக்கு, ஒவ்வொருத்தருக்கா அதையே செஞ்சாரு. மத்த ஏழு பேரும் என்ன பண்றதுன்னு தெரியாம மிதந்துட்டு இருந்தோம், ஒருத்தர் பவளப்பாறை மேலயே ஃபின்ஸோட (நீந்துறதுக்குக் கால்ல மாட்டுற துடுப்பு) நின்னுட்டாரு, கைடு அத பாத்துட்டும் ஒண்ணும் சொல்லல. அம்மா ரெண்டு வாய் உப்புத் தண்ணி குடிச்சிட்டு பயந்து போயி "போதும்யா, நீ பாத்துட்டு வா, நான் கரையில இருக்கேன்"னு ஏறிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து அவங்க எதையும் பாக்கல.

அன்னைக்கு சாயங்காலம் பீச்ச ஒட்டி நடந்துட்டு இருந்தப்ப ஒரு சின்ன வாடகைக் கடை, ஒரு மேசை, பின்னாடி கயிறு கட்டி மாஸ்க்கெல்லாம் கழுவித் தொங்க விட்டிருந்தாங்க. உக்காந்திருந்த ஆளுக்கு ஒரு நாப்பது வயசு இருக்கும், அந்த ஊர்க்காரர். அங்க அண்ணன குயான்னு கூப்பிடுவாங்க, நானும் குயான்னே கூப்பிட்டேன். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, இன்னைக்கு பயந்துட்டாங்கன்னு சொன்னேன். அவரு விலைய சொல்றதுக்கு முன்னாடி அம்மாவ உக்கார வச்சு ஒவ்வொரு மாஸ்க்கா முகத்துல வச்சுப் பாத்தாரு. வார் போடாம, மாஸ்க்க முகத்துல ஒட்டி மூக்கால லேசா மூச்ச இழுக்கச் சொன்னாரு, கைய எடுத்தாலும் மாஸ்க் கீழ விழாம நிக்கணும், அதுதான் சரியான சைஸ். நாலாவது மாஸ்க் நின்னுச்சு. அத எடுத்துத் தனியா வச்சிட்டு நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்கன்னாரு. நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

ஏழு மணின்னு அவரு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. செபு சிட்டியில இருந்து ஒரே நாள் டூர்ல வர்ற கூட்டம் எட்டரை ஒன்பதுக்கு மேலதான் வந்து இறங்கும், அதுக்கப்புறம் தண்ணிக்குள்ள மீனவிட மனுஷன் காலுதான் அதிகம் தெரியும். மேற்கு பாத்த கரைங்கிறதால ரொம்ப விடியக்காலையில போனா வெளிச்சமும் பத்தாது. ஏழு, ஏழரைக்கு மேல வெயில் தண்ணிக்குள்ள சாய்வா இறங்க ஆரம்பிக்கும், அந்த நேரம்தான் சரி.

காலையில இடுப்பளவு தண்ணியில அரை மணி நேரம் அம்மாவுக்கு மட்டும் பாடம் நடந்துச்சு. மாஸ்க் கண்ணாடியில ஒரு சொட்டு பேபி ஷாம்பு, விரலால தேச்சு, கடல் தண்ணியில ஒரு அலசு, அதுக்கப்புறம் ஆவி படியவே இல்ல. முதல்ல நின்ன எடத்துல முகத்த மட்டும் தண்ணிக்குள்ள வச்சு வாயால மூச்சு விடணும், அவரு அம்மா கையப் பிடிச்சு தன் மூச்ச விரலால எண்ணிக் காட்டுறாரு, இழு, விடு, இழு, விடு. பாஷை தெரியாதது ஒரு பிரச்சனையாவே இல்ல. குழாய்க்குள்ள தண்ணி போனா "டூ"ன்னு பலமா ஊதுனா வெளிய போயிடும், அத அஞ்சாறு தடவ செஞ்சு பாக்க வச்சாரு. அம்மா முகத்துல பயம் போயி ஒரு கவனம் வந்துச்சு, வீட்டுல வலையில சிக்கு எடுக்கும்போது அவங்க முகம் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு ஆரஞ்சு வளையத்த பிடிக்கச் சொல்லி, வளையத்தோட கயித்த அவரு இடுப்புல கட்டிக்கிட்டு மெதுவா இழுத்துட்டுப் போனாரு. கரையில இருந்து கொஞ்ச தூரம் ஆழம் கம்மி, பார் அப்படியே தெரியும் (எங்க ஊர்ல பவளப்பாறைய பார்னுதான் சொல்லுவோம்), நடுநடுவுல கடல் புல்லு, அதுல ஒரு பேராமை (பச்சைக் கடல் ஆமை) தலைய ஆட்டி ஆட்டி புல்ல பிச்சுத் தின்னுட்டு இருந்துச்சு. குயா கைய நீட்டி எங்கள நிறுத்திட்டாரு, பக்கத்துல போக விடல. ஆமைக்கு மூச்சு விட மேல வரணும், மேல நாலு பேர் மறிச்சு மிதந்தா அது பயந்து வழி மாறிப் போகும், அதனால அது மேல வர்ற வழிய விட்டு ஒதுங்கி நிக்கணும்னு கரையில இருந்தப்பவே சொல்லியிருந்தாரு. ரெண்டு நிமிஷம் காத்திருந்தோம், அது எங்களுக்கு ஒரு மூணு மீட்டர் தள்ளி மேல வந்து புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு திரும்ப எறங்கிடுச்சு.

அதத் தாண்டுனா பார் திடீர்னு முடிஞ்சிடும், செங்குத்தா ஒரு சுவர் மாதிரி கீழ இறங்கும், தண்ணி பச்சையில இருந்து கருநீலமா மாறும். அந்த விளிம்புலதான் கூட்டம். ஆழக்கடல் இவ்வளவு கிட்டக்க இருக்கிறதாலதான் சாளை கரைய ஒட்டியே இருக்க முடியுதுபோல, ஆபத்து வந்தா பக்கத்துலயே ஆழம் இருக்கு. முன்னாடி எதிர்க்க தெரியுற பெஸ்கடார் தீவ சுத்தித்தான் இந்தக் கூட்டம் இருந்துச்சாம், அப்புறம்தான் பனக்சாமா பக்கம் வந்து தங்கிடுச்சு. எந்த நாள் எந்த எடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது, கரை ஓரமா வடக்கயும் தெக்கயும் நகர்ந்துட்டே இருக்கும், நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி ஓடுதுன்னு பாத்து கூட்டம் எங்க இருக்கும்னு கணிக்கிறது உள்ளூர்க் கைடுக்குத்தான் கைவரும். நாங்க நேரா போகாம கொஞ்சம் தெக்கால சுத்திப் போனோம், ரெண்டு நிமிஷத்துல கீழ இருட்டா ஒண்ணு தெரிஞ்சுச்சு. முதல்ல பாறைன்னு நெனச்சேன். பாறை இல்ல, மீன்.

இவரு டைவ் அடிக்கல. எங்க ரெண்டு பேரையும் அசையாம மிதக்கச் சொல்லி கை காட்டிட்டு அவரும் சும்மா மிதந்தாரு. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். மீன் எங்கள பழகிடுச்சு, ஆறேழு மீட்டர் கீழ இருந்த கூட்டம் மெல்ல மேல ஏறி வந்து எங்களுக்கு ரெண்டு மீட்டர் கீழ வரைக்கும் வந்துடுச்சு. அந்தத் தூரத்துல ஒவ்வொரு மீனா பாக்கலாம். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, கண்ணு தட்டையா ஒரு கருப்புப் பொட்டு. போயிட்டே இருக்கும்போது வாயத் திறக்கும், செவுள் விரியும், ஒரு நொடி தலையே வெள்ளையா பெருசாத் தெரியும், அப்புறம் மூடிக்கும், அப்படித்தான் தண்ணியில இருக்கிற நுண்ணுயிர வடிகட்டித் தின்னுது. பக்கத்து மீன் அசையுறத தண்ணி அழுத்தமா உணருமாம், அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிறதே இல்ல. வெளிய இருந்து ஒரு பெரிய பாரை மீன் (சாளைய வேட்டையாடுற மீன்) வந்துச்சு பாருங்க, மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல பக்கவாட்டுல திரும்புச்சு, அவ்வளவு நேரம் கருப்பா இருந்தது ஒரு நொடியில வெள்ளியா மாறி வெயில் பட்டு கண்ணு கூசிடுச்சு. பாரை மீன் வந்த எடத்துல கூட்டத்துல ஒரு ஓட்டை மட்டும் விழுந்துச்சு, அது போனதும் ஓட்டை மூடிடுச்சு.

அம்மா வளையத்த விட்டுட்டு ஒரு கையால என் கையப் பிடிச்சாங்க. குழாய்க்குள்ளயே ஏதோ பேசுறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, ஊங் ஊங்னுதான் கேக்குது. மேல தலைய தூக்கி மாஸ்க்க கழட்டிட்டு முதல்ல சொன்னது "எய்யா, இம்புட்டும் சாளையா? இது இப்படியா மினுங்கும்? நம்ம கைக்கு வரும்போது இந்த மினுக்குல பாதிகூட இருக்காதே"ன்னாங்க. திரும்பவும் முகத்த உள்ள வச்சிட்டாங்க. மொத்தம் முக்கால் மணி நேரம், அவங்களா போதும்னு சொல்லவே இல்ல, குளிர் எடுத்து உதடு நீலமா மாறினத பாத்து குயாதான் கரைக்குத் திருப்புனாரு.

விலைன்னு பாத்தா ஒரு ஆளுக்கு 600 பெசோ, மாஸ்க், ஃபின்ஸ், ஜாக்கெட், கைடு எல்லாம் சேர்த்து. முதல் நாள் கடையும் கிட்டத்தட்ட அதே விலைதான், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். சுற்றுச்சூழல் கட்டணம் தனியா கட்டணும், ரசீது வாங்கிக்கோங்க. இந்தக் கடல், அதாவது தன்யோன் ஜலசந்தி, 1998லயே பாதுகாக்கப்பட்ட கடல் பகுதின்னு அறிவிச்சது, அதுக்குண்டான மரியாதைய வர்றவங்களும் கொடுக்கணும். 2021 டிசம்பர்ல ஒடெட் புயல் அடிச்சு இந்தக் கரைய ஒரு புரட்டு புரட்டிடுச்சு, ஆழம் கம்மியா இருக்கிற எடத்துல இன்னமும் உடைஞ்சு கிடக்கிற பவளத்தப் பாக்கலாம், முளைச்சு வர்றதையும் பாக்கலாம். அதுமேல ஒரு ஆள் ஃபின்ஸோட நிக்கிறத பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க, ஒரு கைடுக்கு எத்தனை பேரு, மீன் கூட்டத்துக்குள்ள டைவ் அடிப்பீங்களான்னு. நாலு பேருக்கு மேலன்னாலோ, சூப்பர் வீடியோ எடுத்துத் தர்றோம்னு ஆரம்பிச்சாலோ அடுத்த கடைக்கு நடந்துடுங்க, பீச் முழுக்க கடைதான்.

நெறைய பேரு இதே ட்ரிப்ல ஓஸ்லோப் போயி சுறாவையும் பாத்துட்டு வர்றாங்க, அங்க புள்ளிச் சுறாவுக்கு (திமிங்கலச் சுறான்னும் சொல்லுவாங்க) படகுல இருந்து இறால் தீனி போட்டு வரவழைக்கிறாங்க, எனக்கு அது பிடிக்கல, போகல. பனக்சாமால யாரும் தீனி போடுறதில்ல, மீன் தன் இஷ்டத்துக்கு இருக்கு, நாமதான் அது இருக்கிற எடத்துக்குப் போறோம்.

போற வழி சிம்பிள். சிங்கப்பூர்ல இருந்து செபுக்கு நேர் ஃபிளைட் இருக்கு, நாலு மணி நேரத்துக்குள்ள. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூன்ல இருந்து 14 நாள் வரைக்கும் விசா வேணாம், ஆனா ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் கையில வச்சுக்கோங்க. செபு சிட்டி சவுத் பஸ் டெர்மினல்ல இருந்து மோவால்போவாலுக்கு பஸ், டிராஃபிக்கப் பொறுத்து மூணுல இருந்து நாலு மணி நேரம், மெயின் ரோட்டுல இறங்கி ட்ரைசைக்கிள்ல (பைக்குக்குப் பக்கத்துல சீட் வச்ச வண்டி, நம்ம ஊர் ஆட்டோ மாதிரி) பீச்சுக்குப் போயிடலாம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, மேற்குக் கரைங்கிறதால அலை ஜாஸ்தி இருக்கும், பெரியவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் போங்க. இறங்குற எடம் கல்லும் கருப்பு முள்ளு கடல் அர்ச்சினுமா (உடம்பு முழுக்க முள்ளு இருக்கிற உருண்டையான கடல் உயிரி) இருக்கும், வெறும் கால்ல இறங்காதீங்க. முழுக்கை டிரஸ் போட்டுக்கோங்க, சன்ஸ்க்ரீன் பூசி எறங்குறதுக்குப் பதிலா அதுவே நல்லது, அப்பப்ப கண்ணுக்குத் தெரியாத சொறி மீன் (ஜெல்லிமீன்) வேற சுருக்கு சுருக்குன்னு குத்தும். அம்மா முழுக்கை டீஷர்ட்டும் லெக்கின்ஸும் போட்டுத்தான் இறங்குனாங்க, வசதியாவே இருந்துச்சு.

திரும்புற வழியில செபு சிட்டியில குழந்தை இயேசு கோயிலுக்குப் போகணும்னு அம்மா கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, 1521ல கடலோடி மெகல்லன் கொடுத்த குழந்தை இயேசு சுரூபம் (சிலை) அங்கதான் இருக்கு, அரை நாள் ஒதுக்கி போயிட்டு வந்தோம். அங்க வெளிய உக்காந்து தூத்துக்குடிக்கு சித்திக்கு போன் போட்டாங்க. கோயிலப் பத்தி ரெண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பாங்க, அதுக்குள்ள "ஏட்டி, அது எல்லாம் சொல்லி வச்ச மாதிரி ஒரே பக்கமா திரும்புதுட்டி"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க, கையத் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க, அது வீடியோ கால்கூட இல்ல.