பெரிய அணியைக் கவிழ்க்க: ஒற்றை ஆட்டமா, இரட்டை ஆட்டமா?

நாக்அவுட் (தோற்றால் வெளியேறும்) கால்பந்தில் அதிர்ச்சி முடிவுகளுக்காகவே ஆட்டம் பார்ப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. ஒற்றை என்றால் ஒரே ஆட்டத்தில் முடிவு; இரட்டை என்றால் இரு அணிகளின் மைதானத்திலும் ஒவ்வோர் ஆட்டம், இரண்டின் மொத்த கோல் கணக்கில் முடிவு.

வாய்ப்பு
ஒற்றை: ஒரு கோல் போதும். இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை 2013 இறுதியில் பெரிய அணியான மான்செஸ்டர் சிட்டியை 90 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது சின்ன அணி விகன். இஞ்சுரி டைமில் (90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கும் நேரத்தில்) வந்த கார்னர் பந்தை பென் வாட்சன் தலையால் முட்டினார், கோல்! சிட்டிக்குத் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை. மூன்றே நாளில் அதே விகன் பிரீமியர் லீக்கிலிருந்து தரமிறங்கியது என்பது தனி வேடிக்கை.
இரட்டை: பெரிய அணிக்கு மறுவாய்ப்பு உண்டு. 2017இல் பாரிஸின் பிஎஸ்ஜி அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-4 எனத் தோற்ற பார்சிலோனா, அடுத்த ஆட்டத்தில் அதே அணியை 6-1 என வென்று முன்னேறியது. பிஎஸ்ஜியே தாங்கவில்லை, சின்ன அணி எம்மாத்திரம்?

மைதானம்
ஒற்றை: குலுக்கல் விட்ட வழி. பிரெஞ்சுக் கோப்பை போன்ற சிலவற்றில் சலுகை உண்டு: அங்கே எதிரணியைவிட இரண்டு நிலையாவது கீழே உள்ள அணிக்கே சொந்த மைதானம்.
இரட்டை: ஓர் ஆட்டமாவது சொந்த மைதானத்தில் உறுதி. இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் ஆடிய பிராட்ஃபோர்ட், 2013 லீக் கோப்பை அரையிறுதியில் பிரீமியர் லீக் அணியான ஆஸ்டன் வில்லாவை முதலில் சொந்த மைதானத்தில் 3-1 என வீழ்த்தியது. அடுத்து 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 4-3 என இறுதிக்குப் போனது.

ஆள்பலம்
ஒற்றை: நல்ல பதினோரு பேர், கொஞ்சம் அதிர்ஷ்டம்.
இரட்டை: பெஞ்சும் (மாற்று வீரர்களும்) வலுவாக வேண்டும்.

சரி, எது? அதிர்ச்சிதான் வேண்டுமென்றால் யோசிக்காமல் ஒற்றை. தகுதியான அணியே முன்னேற வேண்டும் என்பவர்களுக்கு இரட்டை. பிராட்ஃபோர்ட் மாதிரி அதையும் தாண்டி வரும் அணிக்குத்தான் என் கைதட்டல் அதிகம்.