ஆல்டர் புகையில் விளைந்த கரும் ஏல்: டவுட்ரா தீவின் ஆல்ஸ்டாட்பெர்கர்

நார்வேயின் டிரொண்ட்ஹெய்ம் ஃபியோர்டில், ஃப்ரோஸ்டா தீபகற்பத்தை ஒட்டி டவுட்ரா என்றொரு சிறு தீவு இருக்கிறது. சிஸ்டர்சியன் துறவிகள் 1207-இல் நிறுவிய மடத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே க்ளோஸ்டர்கோர்டன் பண்ணை அமைந்துள்ளது. உணவகமும் தங்கும் அறைகளும் உள்ள இப்பண்ணையின் சிறிய பீர் ஆலையில் தயாராவதுதான் ஆல்ஸ்டாட்பெர்கர் என்னும் கரும் ஏல் (ஏல் என்பது ஒரு வகைப் பீர்).

இதன் சுவையைப் புரிந்துகொள்ள அருகிலுள்ள ஸ்டியோர்டால் பகுதியின் வழக்கத்தை முதலில் அறிய வேண்டும். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மால்ட் ஆக்கும் வேலையைப் பெரும்பாலான ஊர்களில் தொழிற்சாலைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஸ்டியோர்டாலிலோ வீட்டுக்காரர்களும் அண்டை அயலாரும் சேர்ந்து இன்றும் அதைத் தாங்களே செய்கிறார்கள். அதற்கென்று ‘சோயின்’ எனப்படும் உலர்த்தும் மேடையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். துளையிட்ட பலகைகளின் மேல் ஈர மால்ட்டைப் பரப்பி, கீழே ஆல்டர் விறகை எரிக்கிறார்கள். சூடும் புகையும் ஒன்றாகவே தானியத்தின் ஊடே ஏறிச் செல்கின்றன. தணல் மீறினால் மால்ட் கருகிவிடும், தணிந்தால் ஈரம் நின்றுவிடும் என்பதால், யாராவது ஒருவர் அருகிலிருந்து தீயைப் பார்த்துக்கொண்டும் மால்ட்டைக் கிளறிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆல்ஸ்டாட்பெர்கர் இந்த மரபைச் சேர்ந்தது. அதில் உள்ள புகை பிறகு சேர்த்த வாசனை அன்று, தானியத்தோடு வந்தது.

குவளையில் ஊற்றியதும் செம்மை கலந்த அடர் பழுப்பு நிறம் தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் மாதுளைச் சிவப்பு. நுரை மிதமாக எழுந்து விரைவில் அடங்கிவிடுகிறது. மூக்குக்கு முதலில் எட்டுவது புகைதான். ஆனால் பீச் விறகில் உலர்த்தும் ஜெர்மானியப் பாம்பெர்க் நகரப் பீர்களில் வரும் உப்பிட்ட பன்றியிறைச்சி வாசனை இதில் இல்லை. விறகடுப்பில் நெடுநேரம் காய்ந்த பாலில் ஏறும் மணம் போல, இனிப்போடு பின்னிய புகை இது. அதன் அடியில் கம்பு ரொட்டியின் மேலோடும், உலர்ந்த பழமும், கொஞ்சம் சாம்பலும் தெரிகின்றன.

நாவில் வைத்தால் மால்ட்டின் இனிப்பு முன்னே வருகிறது; புகை நடுவில் எழுந்து, விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்குகிறது. இந்த ஏலின் சிறப்பு இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. புகையே முதலில் வந்திருந்தால் இரண்டாவது வாய்க்கே சலித்திருக்கும். இனிப்பு அதைத் தாங்கிக் கொண்டுசெல்வதால் குடிக்கக் குடிக்க இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகின்றன. பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களின் சுவை இதில் மிகக் குறைவு. கசப்பான ஏல்களுக்குப் பழகியவர்களுக்கு முடிவில் ஒரு வெறுமை தோன்றலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் கசப்பு செய்ய வேண்டிய வேலையை இங்கே புகையின் துவர்ப்பு செய்துவிடுகிறது.

பீரைப் புளிக்கவைக்க மேற்கு நார்வேப் பண்ணைகள் பயன்படுத்தும் க்வைக் என்னும் மரபு ஈஸ்ட்டைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் ஸ்டியோர்டாலின் மால்ட் மறைந்துவிடுவது வருத்தம் தருகிறது. இப்பகுதியினர் தங்கள் பழைய ஈஸ்ட்டை இழந்துவிட்டார்கள். ஆயினும் உழைப்பு மிகுந்த மால்ட் வேலையைக் கைவிடவில்லை. அந்தப் பிடிவாதத்தை மதிப்பவர்கள் இந்த ஏலை ஒருமுறையாவது சுவைத்துப் பார்க்க வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடிக்க வேண்டாம். 10 முதல் 12 டிகிரி வரை ஏறட்டும். மிகக் குளிர்ந்த நிலையில் சாம்பல் மட்டுமே தெரியும், பழமும் ரொட்டியும் ஒளிந்துகொள்ளும். கொழுப்பு நிறைந்த ஆட்டிறைச்சியோடும் பழுப்புநிற ப்ரூனோஸ்ட் பாலாடைக்கட்டியோடும் நன்றாகச் சேர்கிறது. மென்மையான வெள்ளை மீனை அமுக்கிவிடுகிறது. நார்வேயில் 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரை மளிகைக் கடைகளில் விற்கக் கூடாது. ஆகவே இதை வின்மோனோபோலே என்னும் அரசுக் கடைகளில்தான் தேட வேண்டும். சிறிய ஆலை என்பதால் எல்லாக் கிளைகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது.