சேலம் வெயில்லயும் ஏற்காடு ஈரத்துலயும் ஹெச்ஓ ஐசிஎஃப் கோச்: எது நிக்குது, எது நிக்கல

மாடல் ரயில்ல ஹெச்ஓ ஸ்கேல்ல (நிஜத்துல 87-ல ஒரு பங்கு) நம்ம ஊரு கோச் கட்டணும்னு ஆரம்பிக்கிறவங்க மொதல்ல கேக்கறது நீல கலரு எந்த நம்பரு, ஸ்டிக்கர் எங்க பிரிண்ட் போடறது, இதுதான். பல வருஷமா கட்டி, ஓட்டி, திரும்ப பிரிச்சு கட்டிட்டு இருக்கறதுல எனக்கு தெரிஞ்சத சொல்றேங்க, அதெல்லாம் கடைசி வேலை. அடில இருக்கற வீலு, வெயிட்டு, சுவருக்கு போட்ட மெட்டீரியல், இந்த மூணு சரியா இருந்தா கோச் நம்ம கூடவே வரும், இல்லன்னா ரெண்டு கோடைக்கு மேல தாங்காது.

அளவ மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்கேல் 1:87. ஐசிஎஃப் கோச் (பெரம்பூர் ஃபேக்டரியோட பழைய டைப் பொட்டி) பாடி 21,337 மிமீ நீளம், 3,245 மிமீ அகலம், நமக்கு அது 245-க்கு 37 மிமீ. போகி, அதாவது பொட்டிக்கு அடில நாலு வீல் மாட்டின சட்டம், அது சென்டருக்கு சென்டர் 14,783, இங்க 170. நிஜ வீல் 915 மிமீ, கடைல கெடைக்கற 10.5 மிமீ வீல் செட் அதுக்கு அப்படியே பொருந்தும். லைன் மட்டும்தான் பொருந்தாது, நம்ம பிராட்கேஜ் 1,676-க்கு கணக்குப்படி 19.3 மிமீ வரணும், ஆனா ஹெச்ஓ ட்ராக் 16.5 மிமீ, அது 1,435 மிமீ ஸ்டாண்டர்ட் கேஜுக்கு போட்ட கணக்கு. நேர் முன்னாடி குனிஞ்சு பாத்தா தெரியும், பக்கத்துல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது, ட்ராக்க மாத்தினா வாங்கி வெச்ச எஞ்சின் எதுவும் ஓடாது, அதனால நான் அதுல கை வைக்கவே இல்ல.

இப்ப மெட்டீரியல். ட்ராக் போட்டு ரயில் ஓட்டற என் லேஅவுட் இருக்கறது மொட்டமாடில ஷீட் போட்ட ரூம்ல, மாசி கடைசிலயே உள்ள அனல் அடிக்கும், சித்திரைல மத்தியானம் உள்ள போக முடியாது. கொஞ்சம் கோச் ஏற்காட்டுல சித்தப்பா வீட்டுல இருக்கு, அங்க ஐப்பசி கார்த்திகைல மேகம் வீட்டுக்குள்ளயே வந்துட்டு போகும். ஒரே கைல கட்டின கோச் கீழ சேலம் வெயில்லயும் மேல ஏற்காடு ஈரத்துலயும் இருந்ததுல வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது. அட்டைல கட்டினது கீழ கல்லு மாதிரி இருக்கு, மேல இருந்தது ஜன்னல் ஓரமெல்லாம் ஊறி உப்பிடுச்சு. உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் வார்னிஷ் குடுத்தது மட்டும் தப்பிச்சுது. அப்பறம் பிஎல்ஏ பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் எடுத்த போகி, அது கீழ ஆகவே ஆகாதுங்க, பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் வந்தாலே இளகிடும், தகரத்துக்கு அடில ஜன்னல் வெயில் நேரா படற எடத்துலயோ, பார்க் பண்ணின கார்லயோ அந்த சூடு சாதாரணமா வரும், வெளில பாத்தா ஒண்ணும் ஆன மாதிரி இருக்காது ஆனா சைடு ஃப்ரேம் லேசா உள்ள சாஞ்சு ஆக்ஸில இறுக்கிடும், எஞ்சின் எட்டு கோச் இழுக்கறதுக்கு பதிலா நாலுலயே திணறும். பிரிண்ட் பண்ணித்தான் ஆகணும்னா சூடு தாங்கற ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல எடுங்க.

என் ஓட்டு ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டுக்குத்தான், ரெண்டு ஊர்லயும் அது நிக்குது. அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. வெளிச்சுவரு 0.5 மிமீ, உள்ள 1 மிமீ, ரெண்டையும் முழுசா சால்வென்ட் (பிளாஸ்டிக்க இளக்கி ஒட்டற திரவம்) தடவி ஒட்டினா அன்னிக்கு நேரா இருக்கும், மாசக்கணக்குல மெதுவா வாழைப்பழம் மாதிரி வளையும். நடுவுல மாட்டிக்கிட்ட சால்வென்ட் வெளிய போக வழி இல்லாம பிளாஸ்டிக்க இளக்கறதுதான் காரணம். உள் ஷீட்டுல அங்கங்க சின்ன ஓட்டை போட்டு, சால்வென்ட்ட கொஞ்சமா விட்டு ஒட்டி, கண்ணாடிக்கு அடில வெயிட் வெச்சு ரெண்டு நாள் காய விட்டா அந்த தொல்லை போச்சு.

டூல்ஸ் விஷயத்துல நம்ம ஊரு கொடுத்து வெச்ச ஊருங்க. கொலுசு பட்டறைக்கு சாமான் விக்கற கடைங்க செவ்வாய்பேட்டைல இருக்கு, ஊசி அரம், சாமணம், நூல் மாதிரி ரம்ப பிளேடு, கைல திருகற சின்ன டிரில் எல்லாம் ஒரே எடத்துல வாங்கலாம். "வெள்ளி வேலைங்களா தம்பி?"ன்னு கேட்ட கடைக்கார அண்ணன்கிட்ட "ரயில் பொட்டி செய்யறேங்கண்ணா"ன்னு போட்டோ காட்டினேன், ஜன்னல் மூலைய திருப்பறதுக்கு இது போதும்னு அரை வட்ட அரம் ஒண்ணு எடுத்து குடுத்தாரு, இன்னிக்கும் அதுதான் என் கைல இருக்கு.

ஜன்னல் கம்பிதான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை, ஏசி இல்லாத ஐசிஎஃப் கோச்ச பாத்த ஒடனே நம்ம ரயிலுன்னு காட்டறதே அதுதான். மோட்டார் ரீவைண்டிங் கடைல 36 கேஜ் காப்பர் ஒயர் வாங்கிக்கங்க, கிட்டத்தட்ட 0.2 மிமீ வரும். ஒரு முனைய கட்டிட்டு மறுமுனைய கொறட்டுல புடிச்சு மெதுவா இழுத்தா லேசா நீண்டு குச்சி மாதிரி நேராயிடும். ஒரு மரச்சட்டத்துல ரெண்டு பக்கமும் எம்6 போல்ட்ட படுக்க வெச்சு மரை பள்ளத்துல ஒயர சுத்தினா இடைவெளி கரெக்டா 1 மிமீ வந்துடும், கண்ண கசக்கி அளக்கவே வேண்டாம். சுவரோட உள்பக்கத்த அது மேல கவுத்து வெச்சு அங்கங்க சூப்பர் க்ளூ தொட்டு வெச்சு, காஞ்சதும் ஓரத்த வெட்டி, எமர்ஜென்சி ஜன்னல்ல மட்டும் கம்பிய எடுத்துடுங்க. கண்ணாடி ஷீட் மாட்டறதுக்கு முன்னாடியே இத முடிக்கணும், ஏன்னா சூப்பர் க்ளூ ஆவி பட்டா கண்ணாடி ஷீட் வெள்ளையா பூத்துடும். கண்ணாடிய ஒட்ட ஃபெவிகால் போதும், காஞ்சா தெரியாது, பின்னாடி கழட்டவும் முடியும்.

வீலுக்கு காசு பாக்காதீங்க, மெட்டல் வீல் ஊசிமுனை ஆக்ஸிலோட வாங்குங்க. பிளாஸ்டிக் வீல் ட்ராக் மேல கருப்பு அழுக்க சேத்துக்கிட்டே இருக்கும், கோச்சும் கனக்கும், ட்ராக்கும் பாழ். வெயிட்டுக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கம் என்எம்ஆர்ஏ சொல்ற கணக்கு, ஒரு அவுன்ஸ், அதோட ஒவ்வொரு இன்ச் நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம்ம 245 மிமீ கோச்சுக்கு 165 கிராம் பக்கம் வரும். எனக்கு அது கொஞ்சம் அதிகமா படுது, நீள ரேக்க (கோச் வரிசைய) இழுக்க எஞ்சின் கஷ்டப்படும், நான் 130-லயே நிறுத்திடறேன், ஆனா எல்லா கோச்சும் ஒரே வெயிட் இருக்கணும், நடுவுல ஒண்ணு லேசா இருந்தா வளைவுல அதுதான் உள்பக்கமா சாயும். டயர் கடைல வீல் பேலன்ஸுக்கு ஒட்டற 5 கிராம், 10 கிராம் பட்டை கெடைக்கும், தரையோட தரையா போகிக்கு மேல ஒட்டிடுங்க. ஒரு போகிய பக்கவாட்டுல ஆடாம லேசா இறுக்கி, இன்னொண்ண தாராளமா ஆட விட்டா மூணு கால் முக்காலி கணக்கா மேடு பள்ளத்துலயும் எட்டு வீலும் படிஞ்சு ஓடும்.

கலரு பத்தி ஒண்ணு, இங்க்ஜெட்ல எடுத்த ஸ்டிக்கர் வெயில் படற பக்கம் வெளுத்துடுது, மூலை தூக்கிக்குது. பெயிண்ட் அடிச்சு எழுத்துக்கு மட்டும் டீக்கல் (தண்ணில நனைச்சு ஒட்டற மெல்லிசு படம்) போட்டது அப்படியே இருக்கு. ஏற்காட்டுல மழை நாள்ல ஸ்ப்ரே பண்ணாதீங்க, மேல வெள்ளையா பனி பூத்த மாதிரி ஆயிடும். கடைசி கோச்சுக்கு பின்னாடி மஞ்சள் எக்ஸ், எல்வி (லாஸ்ட் வெஹிக்கிள்) போர்டு மறக்காம போடுங்க.

ஐசிஎஃப்புக்கு அப்பறம் வந்த எல்ஹெச்பி டைப் கோச் கட்டலாமான்னு கேட்டா, பாடியே 270 மிமீ வரும், 18 இன்ச் ஆரம் வளைவுல ஓரம் ரொம்ப வெளிய தள்ளும், 24 இன்ச்சாவது எடம் இருந்தா இறங்குங்க. அது வரைக்கும் ஐசிஎஃப்தான். 1955-ல ஆரம்பிச்ச பெரம்பூர் ஃபேக்டரில இந்த டைப் கோச் செய்யறத 2018-ல நிறுத்திட்டாங்க, ஒவ்வொரு ரேக்கா மாறிட்டு வருது. ரூஃப் வென்டிலேட்டர், கடைசி சுவருல ஏணி, அடில டேங்க் எல்லாம் கோச்ச நேர்ல பாத்தாதான் புரியும். ஜங்ஷன் நடைமேம்பாலத்துல இருந்து ரூஃபு நல்லா தெரியும், ஐசிஎஃப் ரேக் வர்ற வண்டியா பாத்துட்டு போயி நின்னு குறிச்சுக்கங்க.