மூன்று மாதம் சும்மா நிற்கும் காரும் எலியும்: ஏழு வருட அனுபவம்

வேலூர் பக்கம், கணியம்பாடிக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஏரிப் பாசன நஞ்சை, அதைத் தாண்டினால் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் கொல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தீபாவளி முடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால்தான் திரும்புவோம். ஐப்பசி மழையிலிருந்து மார்கழிப் பனி முடிகிறவரை எங்கள் கிராண்ட் ஐ10 ஷெட்டில் தனியாக நிற்கும். 2018 முதல் இதுதான் வழக்கம், கொரோனா வந்த 2020 மட்டும் போகவில்லை.

தினமும் ஓடும் காரை எலியிடமிருந்து காப்பாற்றச் சொல்லப்படும் யோசனைகள் ஏராளம். ஆள் இல்லாத வீட்டில் நிற்கும் காருக்கு அதில் பாதி உதவாது. அது புரிவதற்கு எனக்கு இரண்டு வருடமும் கொஞ்சம் பணமும் ஆயின.

முதல் வருடம் நாங்கள் எதுவும் செய்யவில்லை. காரைக் கழுவி, கவர் போட்டு மூடி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுப் போனோம். 2019 ஜனவரியில் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி உதறிக்கொண்டு ஓடியது, எஞ்சின் விளக்கு அணையவே இல்லை. பாகாயத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு இன்ஜெக்டர் ஒயர்கள் செம்பு தெரியும்வரை கொறிக்கப்பட்டிருந்தன. ஏ.சி.யைப் போட்டதும் ஒரு நாற்றம் வந்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை வெளியே இழுத்தார்.

அந்த ஃபில்டரை இன்னும் மறக்கவில்லை. மடிப்புக்கு மடிப்பு மல்லாட்டைத் தோல், சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்கு நான் சாத்தியிருந்த மஞ்சள் பட்டுத் துணி நூல் நூலாக. நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதில் கண் திறக்காத நாலு குஞ்சுகள். அவர் அப்படியே எடுத்துக்கொண்டு போய் வரப்போரம் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஷெட்டின் மூலையைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், மல்லாட்ட மூட்டய இங்கயே அடுக்கி வச்சிக்னு கார்ல எலி வருதுன்னா, அது எங்க போவும்?"

மூன்று மூட்டை விதை மல்லாட்டை அங்கே இருந்தது. வடாற்காட்டில் எந்த வீட்டு ஷெட்டிலும் இருப்பதுதான், அதனால் கண்ணில் படவே இல்லை. அன்றைய செலவு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.

இரண்டாம் வருடம் மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் செய்தோம். எஞ்சின் மேல் புகையிலை, நாலு மூலையிலும் அந்துருண்டை, சுவரில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்று. திரும்பி வந்தபோது புகையிலையில் பூசணம் பூத்திருந்தது. அந்துருண்டை இருந்த இடத்தில் வெறும் காகிதம்தான் மிச்சம். அந்துருண்டை திடப் பொருளாக இருந்து நேராக ஆவியாகிவிடுவது, அது தீரும் மட்டும்தான் வாசனை. ஆனால் கார் சீட்டில் ஏறிய நாற்றம் சித்திரை வரைக்கும் போகவில்லை. அந்த ஆவி சிறு குழந்தைகளுக்கு நல்லதும் இல்லை, பேரக்குழந்தையை அதில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. அல்ட்ராசோனிக் கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அதற்கு நேர் கீழே எலிப்புழுக்கை கிடந்தது. அந்த ஒலி ஒரு பலகையைக்கூடத் தாண்டாது, தாண்டினாலும் எலி சில நாளில் பழகிவிடும் என்று பிறகுதான் படித்தேன். இப்படிப்பட்ட கருவி விற்கிறவர்கள் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இந்த முறை போனது பின்சீட் பெல்ட்டும் வாஷர் டியூபும்.

வாசனையால் விரட்டும் எதையும் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது மாற்ற வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது அது நடக்காது. எலி உள்ளே வரும் வழியை அடைப்பது ஒன்றுதான் நாம் இல்லாதபோதும் வேலை செய்யும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இருளர் பெரியவர். 2021 தை மாதம் அறுவடை முடிந்து வயலில் எலி பிடிக்க வந்திருந்தார். வரப்பில் வளையின் மற்ற வாய்களை அடைத்துவிட்டு, ஒரு வாயில் பானையை வைத்துப் புகை ஊதிப் பிடிக்கிறவர். தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவரிடம் ஷெட்டைக் காட்டினேன். உள்ளே வந்து காரைப் பார்க்கவே இல்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். எண்ணெய்க் கையை இழுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு அந்த மூலை முழுக்க ஓடியது. "எலி நடுவுல வராதும்மா, செவுத்த ஒட்டித்தான் போவும். கோடு எங்க முடியுதோ அங்கதான் அதோட வாசல்" என்றார். கோடு மூன்று இடத்தில் முடிந்தது: ஷட்டரின் இடது ஓரம், சலவைத் தண்ணீர் போகும் குழாய், கூரைத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நாலு விரல் இடைவெளி. கூரைமேல் எங்கள் முருங்கைக் கிளை உரசிக்கொண்டு இருந்தது. வீட்டெலி மரம் ஏறும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஐப்பசியில் வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறினால் காய்ந்த இடம் தேடி அத்தனையும் வீட்டுப்பக்கம் வரும். நாங்கள் கிளம்புகிற நாளும் அவை வருகிற நாளும் ஒன்றாக இருந்திருக்கிறது.

அந்தச் சித்திரையில் வேலையைச் செய்தோம். கூரை இடைவெளிக்குக் கால் இஞ்ச் கண் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலை. கோழி வலை போதாது. பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் எலி நுழையும். பிளாஸ்டிக் கொசு வலையை ஒரே ராத்திரியில் கடித்துவிடும். எலியின் முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத்தான் ஆகவேண்டும். ஷட்டரின் அடியில் தகட்டுப் பட்டையும், இரண்டு பக்கச் சட்டத்திலும் ஓரடி உயரத்துக்குத் தகடும் அடித்தோம். குழாய் வாய்க்கு அதே வலையில் ஒரு மூடி. சுவர் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். முருங்கைக் கிளையை வெட்டினோம். கூலியோடு ஆறாயிரத்துச் சொச்சம்.

அதே வருடமே சோதனை வந்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது, வயலெல்லாம் ஒரே தண்ணீர். புனேயில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்து பார்த்தால் ஷட்டருக்கு வெளியே புழுக்கை குவிந்து கிடந்தது, உள்ளே ஒன்றுகூட இல்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையிலும் அப்படியே.

எலி மருந்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சாப்பிட்ட எலி அங்கேயே சாகாது, சில நாள் கழித்து டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் காரையே பிரிக்க வேண்டும். அந்த எலியைத் தின்னும் கூகையும் பூனையும் சேர்ந்து சாகும். ராத்திரியில் கூகை வந்து உட்காரட்டும் என்று வயலில் குச்சி நட்டு வைக்கிறோம், அதற்கே விஷத்தைக் கொடுக்கலாமா? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டால் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடையும் செய்துவிட்டது. வீட்டில் மிச்சம் மீதி இருந்தால் குழந்தைகள் கைக்குப் போவதற்குள் அப்புறப்படுத்துங்கள்.

காருக்கு நான் செய்வது கொஞ்சம்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் வேக்குவம் போட்டு, சீட் இடுக்கில் ஒரு பிஸ்கட் துண்டு, ஒரு பிரசாதப் பொட்டலம் இல்லாமல் எடுத்துவிடுவேன். டிஷ்யூ டப்பாவும் வெளியே. ஏ.சி.யை உள்காற்று சுழலும் நிலையில் வைத்துவிட்டுத்தான் எஞ்சினை அணைப்பேன், வெளிக்காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். பானட்டைத் திறந்தே விடுகிறேன். இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்ட யோசிக்கும். பழைய கவரைத் தூக்கிப் போட்டாயிற்று, அது அடியில் எலிக்குக் கூடாரமாகவும் மேலே ஈரம் தங்கும் போர்வையாகவும்தான் இருந்தது. இப்போது காரின் கூரைமேல் ஒரு பருத்திப் போர்வை மட்டும். சைலன்சர் வாயில் இரும்பு நார், அதில் நீளமான சிவப்புத் துணி. இன்னொரு சிவப்புத் துணி ஸ்டியரிங்கில், மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணிவிடக்கூடாது என்பதற்காக.

ஈரக் காலத்தில் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்ளும், எனக்கே ஒரு முறை ஆனது. இப்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்கிறேன். டயரில் வழக்கத்தைவிட ஐந்து பாயிண்ட் காற்று அதிகம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி விடுவேன். போகும்போது 12.6 வோல்ட் காட்டியது, இந்தப் பொங்கலுக்கு வந்து பார்த்தபோது 12.4. முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஐந்து நிமிஷம் ஓடவிடச் சொன்னதுண்டு. ஐந்து நிமிஷத்தில் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது, சைலன்சருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அந்தத் தம்பிக்கு இப்போது வேறு வேலை. கிளம்பும்போது ஷட்டருக்கு உள்பக்கம் ஒரு முழ அகலத்துக்குக் கோலப்பொடி தூவி விடுகிறேன். கல்மாவுதான், அரிசி மாவு தூவினால் எலிக்கு விருந்து வைத்ததாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஷட்டரை ஒரு சாண் தூக்கி போட்டோ எடுத்து அனுப்புவான். சின்னச் சின்னக் கால் தடம் பதிந்திருந்தால் அன்றே கூண்டு வைத்துவிடலாம். 2022-இல் ஒரு தடவை தடம் இருந்தது, குழாய் மூடி நகர்ந்திருந்தது. அன்று சாயங்காலமே மூடியை இறுக்கி, கூண்டில் ஒன்றைப் பிடித்துவிட்டான்.

புழுக்கை கண்ணில் பட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டுத் துணியால் வழித்து எடுங்கள்.

இந்தத் தையில் வலையைச் சுற்றிப் பார்த்தபோது குழாய்ப் பக்கம் ஓரத்தில் துரு ஏறியிருந்தது. விரலால் அழுத்தினால் இரண்டு கம்பி உடைந்து வந்தது. நாலு வருடம் உழைத்திருக்கிறது. இம்முறை அந்த இடத்துக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையாக வாங்கி, ஆடி முடிவதற்குள் அடித்துவிடப் போகிறேன்.