ஆரக்கிள் படிக்க விண்டோஸா, லினக்ஸா?

ஆரக்கிள் டேட்டாபேஸ் படிக்கப் போகிறேன், லேப்டாப்பில் இருக்கிற விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதப் பழகவா, டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) வேலைக்கா?

எஸ்கியூஎல் மட்டும் என்றால் விண்டோஸே போதும், எதையும் அழிக்க வேண்டாம். ஆரக்கிள் 21சி எக்ஸ்பிரஸ் எடிஷன் இலவசம். செட்டப்பை ஓடவிட்டு ஒரு பாஸ்வேர்டு கொடுத்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் வேலை முடிந்தது. 2 ஜிபி ரேமுக்கு மேல் அது எடுக்காது, டேட்டா 12 ஜிபி வரை போடலாம், பழகுகிறவருக்கு அது தாராளம். ஜாயின், சப்குவெரி போன்ற எஸ்கியூஎல் பாடங்களை எந்த ஓஎஸ்ஸில் எழுதினாலும் ஒன்றுதான்.

டிபிஏ என்றால் கதை வேறு. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் அந்த டேட்டாபேஸுக்கு ஆரக்கிள்.எக்ஸி என்று ஒரே ஒரு பிராசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) தெரியும், பின்னணி வேலைகள் எல்லாம் அதற்குள் திரெட்களாக, அதாவது உட்பிரிவுகளாக, அடைந்து கிடக்கும். லினக்ஸில் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுங்கள்: பிமான், எஸ்மான், டிபி ரைட்டர், லாக் ரைட்டர் என்று பாடத்தில் படம் போட்டுக் காட்டியவை அத்தனையும் தனித்தனி பிராசஸாக வரிசையில் வந்து நிற்கும். அதில் பிமானை மட்டும் கில் செய்தால் (வலுக்கட்டாயமாக நிறுத்தினால்) மொத்த இன்ஸ்டன்ஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிளே, விழுந்துவிடும். செய்தே பாருங்கள், சொந்த மெஷின்தானே! பெரிய நிறுவனங்களில் ஆரக்கிள் பெரும்பாலும் லினக்ஸிலோ யூனிக்ஸிலோதான் ஓடுகிறது என்பதால் இந்தப் பழக்கம் வேலைக்குப் போன முதல் நாளே கைகொடுக்கும்.

சரி, எந்த லினக்ஸ்? உபுண்டு அழகாக இருக்கும், ஆனால் ஆரக்கிளின் 19சி பதிப்பு ஆதரிக்கும் பட்டியலில் அது இல்லை. ஆர்பிஎம்மை (ஆரக்கிள் லினக்ஸ் போன்றவற்றுக்கான இன்ஸ்டால் ஃபைல்) உபுண்டுவுக்கு ஏற்றபடி மாற்றுவது, லைப்ரரி தேடுவது என்று அலைந்து, படிக்க வந்தது டேட்டாபேஸா உபுண்டுவா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். பழைய வீடியோக்கள் சொல்லும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. என் ஓட்டு ஆரக்கிள் லினக்ஸ் 8-க்குத்தான். அதுவும் இலவசம், அதில் 19சி-க்கான ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜை ஒரு வரியில் போட்டால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) அளவுகள், ஆரக்கிள் யூசர், குரூப் எல்லாம் தானே அமைந்துவிடும். (இரண்டாவது முறை இன்ஸ்டால் செய்யும்போது அதையெல்லாம் கையால் செய்து பழகுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள்.)

இதற்கும் விண்டோஸை அழிக்கத் தேவையில்லை, டூயல் பூட்டும் (ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ் போடுவது) வேண்டாம். விண்டோஸின் மேலேயே வெர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர், அதாவது விஎம், உருவாக்கும் மென்பொருள்) போட்டு அதற்குள் லினக்ஸை ஏற்றுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டால், அப்புறம் எதை உடைத்தாலும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம், இந்த வசதி நேரடி இன்ஸ்டாலில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. 8 ஜிபி ரேம் என்றால் விஎம்முக்கு 4 ஜிபி கொடுத்துவிட்டு பிரவுசரை மூடிவையுங்கள், ஓடும், கொஞ்சம் முக்கும். 16 என்றால் நிம்மதி. எம் வரிசை சிப் உள்ள மேக்கில் இன்டெல்லுக்கான லினக்ஸை வெர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டாது, அங்கே டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஒரு வழி.