55 இன்ச், நாற்பதாயிரம் ரூபாய்: விஏ பேனலா, ஐபிஎஸ் பேனலா?

2025 தீபாவளிக்கு நானும் மச்சானும் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு 55 இன்ச் டிவி வாங்கினோம். திட்டம் போட்டு வாங்கவில்லை. செப்டம்பர் 22-லிருந்து 32 இன்ச்சுக்கு மேலே உள்ள டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, நாற்பதாயிரம் ரூபாய் டிவியில் மூவாயிரத்துச் சொச்சம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்ததில் இருவருக்கும் ஒரே நேரம் வாய்த்துவிட்டது. மச்சான் வாங்கியது எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனியின் ஆரம்ப நிலை 4கே மாடல், ஐபிஎஸ் பேனல் (பேனல் என்றால் டிவியின் திரை; ஐபிஎஸ், விஏ இரண்டும் அதில் இரண்டு வகை). நான் வாங்கியது அதைவிட நாலாயிரம் குறைவான புது பிராண்டு, விஏ பேனல், மேலே க்யூஎல்இடி என்று பளபளவென்று எழுதியிருக்கும். ஐந்து மாதமாக இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். என் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாடல் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த மாதம் அது கடையில் இருக்காது என்பது ஒன்று. ஒரே மாடலில் 43-க்கு ஒரு பேனல், 55-க்கு வேறு பேனல் போடுவது சாதாரணம் என்பது இன்னொன்று. பெயரை நம்பிப் போய் வேறு பேனலோடு வீட்டுக்கு வந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள்.

சீக்கிரம் தாண்ட வேண்டியவற்றைத் தாண்டிவிடுவோம். இந்த விலையில் எல்லாமே 4கே, எல்லாவற்றிலும் யூடியூப் ஓடும், ரிமோட்டில் பேசினால் தேடும். ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் சுமார்தான். கரன்ட் செலவு பெரிய விஷயமில்லை, 120 வாட் டிவியை தினமும் ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் வரும். அதே காசுக்கு ஜப்பான் கம்பெனியின் 43 இன்ச் வாங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வாங்கலாம், படம் அருமையாக இருக்கும், ஆனால் 55 இன்ச்சின் பரப்பு 43-ஐவிட 64 சதவீதம் அதிகம். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற ஹாலில் 43-ன் அருமையை ரசிக்க நாற்காலியை முன்னால் இழுத்துப் போட வேண்டும்.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டுகிற முறை) என்ற எழுத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் ஆயிரம் நிட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். நம் பட்ஜெட் டிவிகள் 250, 300 நிட் தாண்டினாலே பெரிய விஷயம். பெட்டியில் எழுதியிருப்பதற்கு அர்த்தம், அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான். க்யூஎல்இடி விஷயமும் கிட்டத்தட்ட இதே கதை. குவாண்டம் டாட் என்ற ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள், அதனால் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். கறுப்பு கறுப்பாகத் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அந்தக் கறுப்புக்கு வருகிறேன், நான் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி திரைதான். பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கிற திரவப் படிகங்கள் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடும், தடுக்கும். கறுப்பு வேண்டுமென்றால் கதவை முழுசாக மூட வேண்டும். விஏ பேனலில் கதவு நன்றாகச் சாத்திக்கொள்ளும். ஐபிஎஸ்ஸில் மூடினாலும் இடுக்கு வழியாக வெயில் வருகிற பழைய வீட்டு ஜன்னல்தான். கணக்கில் சொன்னால், ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று அளவில் நிற்கும். விஏ மூவாயிரம், சிலது ஐயாயிரம் வரை போகும். அதாவது, திரையில் வெள்ளை ஒரே அளவு பிரகாசமாக இருக்கும்போது, ஐபிஎஸ்ஸின் கறுப்பு விஏவின் கறுப்பைவிட மூன்று மடங்காவது வெளுத்திருக்கும்.

விலை அதிகமான டிவியில் இது அவ்வளவாகத் தெரியாது. அங்கே பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைக்கிற லோக்கல் டிம்மிங் இருக்கும், ஓஎல்இடி என்றால் பேக்லைட்டே கிடையாது. நாற்பதாயிரத்தில் அந்த வசதியெல்லாம் எதிர்பார்க்க முடியாது, பேனலின் பிறவிக் குணம் எதுவோ அதுதான் படம். அதனால்தான் குறைந்த விலையில் வாங்கும்போது பேனல் வகையைப் பார்ப்பது இன்னும் முக்கியமாகிறது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஒன்றரை லட்சத்துக்கு வாங்குகிறவர் பத்து வீடியோ பார்த்துவிட்டு வாங்குகிறார், நாற்பதாயிரத்துக்கு வாங்குகிறவர் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிறார்.

வித்தியாசம் எப்படித் தெரியும்? மச்சான் வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் போட்டோம். நம் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், டிவி திரையைவிட அகலமான சட்டகம், அதனால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். 55 இன்ச்சில் அந்தப் பட்டை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9 செ.மீ. உயரம். மச்சான் டிவியில் அது கறுப்பாக இல்லை, மழை வரப்போகிற வானம் மாதிரி சாம்பலாக மினுங்கியது, மூலைகளில் இன்னும் அதிகம். ஒரு இரவுக் காட்சியில் வில்லன் இருட்டுக்குள் நிற்பதே தெரியக் கூடாது, திடீரென்று தெரிய வேண்டும். ஆனால் முழுக் காட்சியும் புகை மூட்டம் போலிருந்ததால் அந்தத் திடுக்கிடலே வரவில்லை. அதே காட்சியை மறுநாள் எங்கள் வீட்டில் போட்டேன். பட்டை எங்கே முடிகிறது, டிவியின் விளிம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, "உங்க டிவி எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டார்.

சரி, ஐபிஎஸ்ஸை ஏன் யாராவது வாங்க வேண்டும்? காரணம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் எழுதுவதில் நியாயமில்லை. விஏ பேனலை நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளுத்துவிடும். எங்கள் ஹாலில் அம்மாவின் நாற்காலி ஜன்னலோரம், டிவிக்குக் குறுக்காக இருந்தது. டிவி வந்த இரண்டாம் நாளே, "என்னப்பா, எல்லாருக்கும் மூஞ்சி காமாலை வந்த மாதிரி வெளிறிக் கிடக்கு" என்றார். நான் நேரே உட்கார்ந்து பார்த்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. அப்புறம் திருப்பிக்கொள்கிற வால் மவுண்ட் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன், சாயங்காலம் சீரியல் நேரத்தில் டிவி அம்மா பக்கம் திரும்பிவிடும். மச்சான் வீட்டில் ஏழு பேர், சோபாவில் மூன்று பேர், பாயில் குழந்தைகள், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார். அந்த வீட்டுக்கு ஐபிஎஸ்தான் சரி, ஏழு பேருக்கும் ஒரே படம் தெரிகிறது.

பகல் வெளிச்சத்திலும் என் டிவியின் பெருமை பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஜன்னல் திறந்திருந்தால் திரை மேல் விழுகிற வெளிச்சமே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், எந்தப் பேனலாக இருந்தாலும். டியூப்லைட் போட்டுக்கொண்டே செய்தியும் சீரியலும் பார்க்கிற வீடென்றால் நான் மேலே எழுதிய நாலு பத்தியைப் படிக்காமலே விட்டிருக்கலாம்.

கேபிள் சேனல் விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சாதா எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. கேபிள்காரர் அனுப்புகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மீதிப் பத்தொன்பதை டிவி தானே யோசித்து நிரப்ப வேண்டும். இந்த நிரப்பும் வேலையில் மச்சானின் டிவி கெட்டி, முகங்களின் ஓரம் ஒழுங்காக இருக்கிறது. என் டிவியில் எஸ்டி சேனல் போட்டால் ஈரக் காகிதத்தில் வரைந்த மாதிரி இருக்கும். செட்டாப் பாக்ஸை எச்டியாக மாற்றி அம்மா பார்க்கிற சேனல்களை மட்டும் எச்டியில் எடுத்த பிறகு சண்டை ஓய்ந்தது. மாதம் கொஞ்சம் கூடுதல் செலவுதான்.

இதில்தான் என் கணக்கு வருகிறது. எஸ்டி படம் சரியில்லை என்றால் எச்டி பாக்ஸ் வாங்கலாம். சத்தம் போதவில்லை என்றால் சவுண்ட்பார் வாங்கலாம். இரண்டு வருடத்தில் மென்பொருள் ஆமையாகிவிட்டால் (2 ஜிபி ரேம் போட்ட டிவிகள் எப்படியும் ஆகும்) ஐயாயிரம் ரூபாய்க்குள் யூடியூப் மாதிரி ஆப்களை ஓட்டுகிற ஸ்டிக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். கோணம் சரியில்லை என்றால் மவுண்ட். பேனலை மட்டும் பிறகு மாற்ற முடியாது, உடைந்து மாற்றப் போனாலும் டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். அதனால் கையிலிருக்கிற காசு முழுவதையும் பேனலில் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

"பெரிய கம்பெனி பேனல் வேற லெவல் சார்" என்று கடையில் சொல்வார்கள். சாம்சங் தன் எல்சிடி பேனல் உற்பத்தியை 2022-லேயே நிறுத்திவிட்டது. எல்ஜியின் பேனல் கம்பெனி கொரியாவில் டிவி எல்சிடியை நிறுத்தி, சீனாவில் வைத்திருந்த குவாங்சோ தொழிற்சாலையையும் டிசிஎல் குழுமத்துக்கு விற்றுவிட்டது, 2025-ல் அது கைமாறியது. முன்னால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்த விலையில் உள்ளே இருக்கிற கண்ணாடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவதுதான். பெரிய கம்பெனிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் படத்தைச் செதுக்குகிற சிப்புக்கும் சர்வீஸுக்கும் போகிறது, அது வீண் என்று சொல்லவில்லை.

சர்வீஸ் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கம்மி. புது டிவி இன்னும் ஒரு கோடை கூடத் தாண்டவில்லை, அதற்குள் வாய் விடக் கூடாது. பழைய டிவியில் பட்டது மட்டும் இருக்கிறது. ஐந்தாம் வருடம் ஒரு நாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் திரையில் ஆட்கள் மங்கலாக நடமாடிக்கொண்டிருந்தார்கள், பேக்லைட் மட்டும் போயிருந்தது. கம்பெனிக்கு போன் போட்டால் பேனலையே மாற்ற வேண்டும் என்றார்கள். தெருமுனை மெக்கானிக் பேக்லைட்டின் எல்இடி பட்டையை (ஸ்ட்ரிப்) மட்டும் மாற்றி 2,800 ரூபாயில் முடித்தார். எல்இடிகள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று போனாலே மொத்தமும் இருண்டுவிடுமாம். "பேக்லைட்டை நூறுல வெச்சு ஓட்டாதீங்க சார், அதான் சீக்கிரம் போகுது" என்றார். இப்போது புது டிவியின் பேக்லைட்டை 55-ல் வைத்திருக்கிறேன், ராத்திரிக்கு அதுவே போதும். புது பிராண்டின் ஸ்ட்ரிப் அவரிடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் டிவியே வாங்கினேன், சைஸ் பொருந்தினால் போட்டுவிடலாம் என்றார்.

கிரிக்கெட்டில் பந்து வேகமாகப் போகும்போது, அதுவும் இருட்டான கேலரிப் பின்னணியில், என் டிவியில் லேசாக வால் விடுகிறது. விஏ பேனலுக்கு இருட்டான நிறங்களுக்கிடையில் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். மச்சான் டிவியில் இது குறைவு. கேம் நான் விளையாடுவதில்லை, என் மகன் சொல்வதை இந்த விஷயத்தில் நம்பவும் முடியாது, அவனுக்குப் புதுசாக எது வந்தாலும் சூப்பர்தான்.

கடையில் பேனலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சேல்ஸ்மேனைக் கேட்டால் எல்லாம் ஐபிஎஸ் என்பார், அல்லது எல்லாம் க்யூஎல்இடி என்பார். நான் ஒரு பென்டிரைவில் முழுக் கறுப்புப் படம் ஒன்று, கறுப்பில் வெள்ளை எழுத்து ஒன்று, நானே ராத்திரி மொட்டை மாடியில் எடுத்த வீடியோ ஒன்று போட்டுக்கொண்டு போனேன். முதலில் கடை டெமோவை நிறுத்தச் சொல்லி, விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றச் சொன்னேன், தம்பி முகம் சுளித்தாலும் மாற்றினார். அப்புறம் கறுப்புப் படத்தைப் போட்டு, இரண்டு கையையும் குவித்துத் திரையில் ஒட்டிவைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சாம்பலா, கறுப்பா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு முகத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, மூன்றடி, ஆறடி என்று பக்கவாட்டில் நடந்து பார்த்தேன், வெளுத்தால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ். கடையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். முடிந்தால் வீட்டில் யார் எந்த மூலையில் உட்காருவார் என்று அடியளந்து வைத்துக்கொண்டு போங்கள், நான் அம்மாவின் நாற்காலியை மறந்ததில்தான் அந்த 1,800 ரூபாய் போனது.